கண்ணைத் திறந்துகொண்டு

கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று லோகநாதன் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தான். ஷைனி மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, நைட்டிமேல் போட்டிருந்த துண்டில் கையைத் துடைத்தபடி நின்று கேட்டாள்.

"பெர்சா ஒண்ணும் வாணாம் அண்ணி. மைக்கு குடுப்பாங்க. எம் புருசன் குருசடியாண்ட வரும்போது கண்ண மூடி கும்புடுவாரு, அத்தப் போயி இந்த மிஷினு தூக்கம்னு எழுதிக்குது, இது நாயமான்னு கேளு. அவ்ளோதான். பொம்பள சொன்னா அந்த மேடம் காது குடுத்துக் கேக்கும். நாங்க சொன்னா, குட்சிட்டு கத்துறானுங்கன்னு பூடும்."

"நான் மைக்குலலாம் பேசுனதில்ல லோகு."

"எங்க அண்ணன்கிட்ட கத்துற சவுண்டுல பாதி வுட்டா போதும். மைக்கே வாணாம்."

கட்டிலில் சாய்ந்திருந்த அருள்நாதன் சிரித்தான். ஷைனியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணவனின் கண்களைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இதே வேலையாகிவிட்டது. அவன் சாப்பிடும்போதும் சட்டையை மாட்டும்போதும் அவள் பார்வை போய் அவன் இமைகளில் உட்கார்ந்துகொண்டது. அவனுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டியிருந்ததால், அது திருட்டுத்தனம் போலவும் இருந்தது.

அருள்நாதனும் லோகநாதனும் நண்பர்கள், டிரெய்லர் ஓட்டுகிறவர்கள். கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வழியாக எண்ணூர் பக்கம் போவதும் வருவதும்தான் பிழைப்பு. லோகநாதன் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தான். போன மழைக்காலத்தில் எல்லா வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சின்ன கேமராவைப் பொருத்தினார்கள். அது சாலையைப் பார்க்காது. டிரைவரின் முகத்தைப் பார்க்கும். கண் சொருகினாலோ தலை சாய்ந்தாலோ தானாகவே கண்டுபிடித்து அலறும். அலறிய கையோடு, இன்னார் இந்த இடத்தில் தூங்கினார் என்று கம்பெனிக்கும் துறைமுகச் சரக்கு முனையத்துக்கும் டிரைவரின் கைப்பேசிக்கும் சேதி அனுப்பிவிடும். பொருத்த வந்த பையன்கள் அதைச் செயற்கை நுண்ணறிவு என்றார்கள். டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். சும்மா இருக்க விடாது, எதைச் செய்தாலும் குற்றம் சொல்லும், அது பேசினால் பதில் பேச முடியாது.

அந்தச் சாலையில் ஓட்டுகிற எவனும் சாமியைப் பார்க்காத மாதிரி போகமாட்டான். சாலையோரச் சிற்றாலயமான மாதா குருசடி வந்தால் கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போடுவான் ஒருவன். அம்மன் கோயில் வந்தால் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வான் இன்னொருவன். தர்கா வாசலில் கையை நெஞ்சில் வைப்பவனும் உண்டு. வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், அந்த நெரிசலில் வேகம் போக வழியும் இல்லை. ஆனால் மாமியாருக்குச் சாமி தெரியாது. ஒவ்வொரு சாமி முன்னாலும் அது அலறியது. "நீங்கள் களைப்பாக உள்ளீர்கள். தயவுசெய்து ஓய்வெடுக்கவும்" என்று ஒரு பெண் குரல் வேறு சொன்னது. சாமி கும்பிட்டவர்கள் எல்லாம் தூங்குமூஞ்சிகளாகப் பதிவாகிக்கொண்டே வந்தார்கள்.

இதுவரை கண்டித்ததோடு விட்டார்கள். இப்போது புது விதி வரப்போகிறது. அலறல் ஓர் அளவைத் தாண்டினால் முனையத்துக்குள் நுழைகிற பாஸ் தானாக நின்றுவிடும். யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியாது, ஏனென்றால் நிறுத்தியது யாரும் இல்லை. விதியை முடிவு செய்யும் முன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். சங்கம் அதைத்தான் பிடித்துக்கொண்டது.

"மாமு, நாளைக்கி வெள்ளச் சட்ட போட்டுகினு வா. பூச முடிஞ்சி அப்டியே வந்துடு, பாக்கவே பக்தியா இருக்கும்" என்று அருள்நாதனின் தோளில் தட்டிவிட்டு லோகநாதன் கிளம்பினான்.

அவன் போனபிறகு ஷைனி சோறு போட்டாள். அருள்நாதன் பிசைந்தான். இரண்டு வாய் உள்ளே போனது. பிறகு கை தட்டிலேயே நின்றது. கண்கள் திறந்திருந்தன, எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் பார்ப்பது போல. "யோவ்" என்றாள் மெதுவாக. "யோவ், கொழம்பு ஊத்தவா?" கை அசைந்தது. "ஊத்துமே. இன்னா கேட்ட?" என்றான் அவன், ஒன்றும் நடக்காதது போல. அவனைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவும் இல்லை.

டிரைவர்களுக்குள் இது ஒரு வித்தையாகவே ஓடிக்கொண்டிருந்தது. கேமரா இமையைத்தான் பார்க்கிறது என்று அவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. இமையை அகலமாக வைத்துப் பழகிக்கொண்டார்கள். டீக்கடையில் யார் அதிக நேரம் இமை கொட்டாமல் இருக்கிறான் என்று பந்தயம் கட்டினார்கள். அருள்நாதன் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். வீட்டில் கண்ணாடி முன் நின்று அவன் பழகியபோது ஷைனிகூடக் கேலி செய்திருக்கிறாள், "இன்னாயா, ஆந்த மாரி முழிக்கிற?" என்று. உடம்பு தூக்கத்தை விட்டுவிடவில்லை. கண்ணை மூடாமல் தூங்கக் கற்றுக்கொண்டது.

அதை அவள் தட்டின் முன்னால் கண்டுபிடிக்கவில்லை. சாலையில் கண்டாள்.

ஷைனி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் ஆயா. மதியம் பள்ளி விட்டதும், எதிர்ச்சாரியில் வீடுள்ள பிள்ளைகளைக் கைகோத்து நிறுத்தி, லாரிகளுக்குக் கை காட்டி நிறுத்திச் சாலையைக் கடத்திவிடுவது அவள் வேலை. ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலம் தொடங்கிய வாரம் அது. கையை உயர்த்தியபடி அவள் சாலையில் கால் வைத்தபோது வந்தது அவன் வண்டி. முன்கண்ணாடியில் இருந்த மாதா படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பிள்ளைகள் முன்னால் ஏதாவது சொல்லி மானத்தை வாங்குவான் என்று நினைத்தாள். அவன் அவளை நேராகப் பார்த்தான். வண்டி நிற்கவில்லை. அவன் கண்கள் திறந்திருந்தன, அவள் முகத்தின் மேல்தான் இருந்தன, ஆனால் அந்தக் கண்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் பிள்ளைகளை எப்படிப் பின்னால் இழுத்தாள் என்று இன்றுவரை நினைவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு போய் டயரின் கீழே நசுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அப்பால் வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அப்போதுதான் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டில் பறிகொடுத்த பிள்ளை அழுதது. மற்றவை அதைப் பார்த்துச் சிரித்தன. ஷைனி பிள்ளைகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டான். "இன்னாமே, இஸ்கூலு லீவா இன்னிக்கி? ரோட்டாண்ட உன்னியக் காணமே?"

"சீக்கிரம் வுட்டுட்டாங்க" என்றாள் அவள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். மகன் ஜோ கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருக்கிறான், வண்டி ஓடினால்தான் அவன் படிப்பும் ஓடும் என்பது ஒரு பதில். அவளுக்கே அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை. சொன்னால் அவன் இடிந்துவிடுவான் என்பது இன்னொன்று. அதற்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. சொன்னால், 'தெரியும்' என்று அவன் சொல்லிவிட்டால்? தெரிந்தேதான் ஓட்டுகிறான் என்றால்? அப்புறம் அந்த மனிதனோடு எப்படி ஒரே பாயில் படுப்பது? சொல்லாமல் இருந்தவரை, அவன் அறியாதவன். சொல்லாமல் இருந்தவரை, அறிந்தவள் அவள் ஒருத்திதான். தினமும் மதியம் அதே சாலையில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வருகிற ஒவ்வொரு டிரைவரின் கண்ணையும் பார்த்தாள். திறந்திருக்கும் கண்களைக் கண்டுதான் இப்போது அதிகம் பயந்தாள்.

அன்று மாமியார் அலறவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வாரம் வந்த சேதிகளை அவன் கைப்பேசியில் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். குருசடி முன்னால் அலறியிருந்தது. பள்ளிக்கூடத்தின் முன்னால் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, திருவொற்றியூரில் கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். அதற்கு முன்பே அருள்நாதன் வண்டியை மண்டபத்துக்கு எதிரே ஓரம்கட்டியிருந்தான். ஞாயிறென்றாலும் முனையத்திலிருந்து எந்த நேரமும் போன் வரலாம், வந்தால் ஓட வேண்டும். அப்படித்தான் பலரும் வந்திருந்தார்கள். சாலை ஓரம் முழுக்க டிரெய்லர்கள் நின்றன.

மேடையில் சாமியானா துணிக்கு முன்னால் அதிகாரி அம்மாள் ஒருவர், கேமரா கம்பெனிக்காரர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு பெண். கம்பெனிக்காரர் திரையில் படங்கள் காட்டினார். யாரோ வெளிநாட்டு டிரைவர் ஒருவர் தூங்கி விழுந்தார். கேமரா அலறியது. அவர் விழித்துக்கொண்டு சிரித்தார். "இது உங்கள் உயிரைக் காப்பாற்றும் நண்பன்" என்றார் கம்பெனிக்காரர்.

"நண்பனா? போட்டுக்குடுக்கறவன்லாம் தோஸ்தா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது.

லோகநாதன் மைக்கை வாங்கினான். "மேடம், நாங்க கேமராவே வாணாம்னு சொல்லல. அதுக்கு கொஞ்சம் பக்தி கத்துக்குடுங்க. சாமி எதிர்ல கண்ண மூடுறவன் தூங்குறவன்னா, ஊர்ல கோயிலு, சர்ச்சு, பள்ளிவாசலுன்னு அல்லாத்துலயும் தூங்குமூஞ்சிங்கதான் கீறாங்க."

அதிகாரி அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து எழுதிக்கொள்ளச் சொன்னார். வழிபாட்டுத் தலங்களுக்கு அருகே வரும் எச்சரிக்கைகளைக் கணக்கில் எடுக்காமல் விடலாமா என்று கம்பெனிக்காரரிடம் கேட்டார். மாற்றிவிடலாம், சுலபம்தான் என்றார் அவர். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. அருள்நாதனும் வெள்ளைச் சட்டையில் கை தட்டினான். காரியம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஷைனிக்கு, தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. வந்த வேகத்திலேயே அது பயமாக மாறியது. இவ்வளவு சுலபமாகவா? இனி மாமியார் குருசடி முன்னாலும் அலறாது, பள்ளிக்கூடத்தின் முன்னாலும் அலறாது. எல்லாருக்கும் திருப்தி.

"குடும்பத்துப் பெண்கள் யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டார் அதிகாரி அம்மாள். லோகநாதன் மைக்கை ஷைனியின் கையில் திணித்தான்.

அவள் எழுந்தாள். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். எம் புருசன் குருசடியாண்ட கண்ண மூடி கும்புடுவாரு. அத்தத் தூக்கம்னு எழுதறது நாயமில்ல. குரல் ஸ்பீக்கரிலிருந்து வேறு யாருடையதோ போல வந்தது. உட்காரப்போனாள்.

"ஒரு நிமிஷம் அம்மா. பதிவுக்காகக் கேட்கிறேன்" என்றார் அதிகாரி அம்மாள், மிகவும் மரியாதையாக. "உங்கள் கணவர் வண்டி ஓட்டும்போது தூங்கியதே இல்லை, இல்லையா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். லோகநாதன் தலையை ஆட்டிக்காட்டினான். அருள்நாதன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், கொஞ்சம் பெருமையோடு, மைக் பிடித்த மனைவியைப் பார்க்கிற கூச்சத்தோடு. அவன் முழுக்க விழித்திருந்தான். அந்த விழிப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த மதியத்தின் கண்கள் நினைவுக்கு வந்தன. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தவை.

"தூங்குவாரு மேடம்" என்றாள்.

"ஆனா குருசடியாண்ட இல்ல. அங்க கண்ண மூடும்போது முழிச்சிகினுதான் இருப்பாரு. தூங்கும்போது கண்ணு தொறந்துகினு இருக்கும். உங்க கேமராவுக்குத் தெரியாது. கத்தாது. எம் புருசன் மட்டும் இல்ல, நெறைய பேரு அப்டி கத்துக்கினாங்க. அது கத்தக் கூடாதுன்னுதான் கத்துக்கினாங்க."

"அண்ணி, போதும்" என்றான் லோகநாதன் பல்லைக் கடித்தபடி.

அவளால் நிறுத்த முடியவில்லை. "முன்னலாம் ஆர்பரு கேட்டாண்ட வண்டிங்க லைன்ல நிக்கும். பேஜாரு புடிச்ச லைனுன்னு அல்லாரும் திட்டுவோம். ஆனா அதுலதான் தூங்குவாங்க. லைன் நவுந்தா பின்வண்டிக்காரரு வந்து கதவத் தட்டுவாரு. இப்ப லைனே இல்ல. எந்த வண்டி எப்ப வரணும்னு அத்தயும் இந்த மாரி ஒரு மிஷினுதான் முடிவு பண்ணுதாம். ராத்திரியோ பகலோ போன்ல கூப்புடும். ஓடலன்னா முறை பூடும். ஒரு மிஷினு தூங்க வுடாது. இன்னொண்ணு தூங்குறன்னு போட்டுக்குடுக்குது. ரெஸ்ட் எடு ரெஸ்ட் எடுன்னு சொல்லுதே, அந்த ரோட்ல எங்க வண்டிய நிறுத்தி எடுக்கறதுன்னு அத்தக் கேட்டுச் சொல்லுங்க. நான் அந்த ரோட்ல புள்ளைங்களக் கடத்தி வுடுறேன் மேடம். இவரு வண்டி எங்க மேல வந்துச்சி. என்னியப் பாத்துகினே வந்துச்சி."

எழுதிக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். கம்பெனிக்காரர், விழியசைவையும் சேர்த்துக் கவனிக்கும் புதிய கேமரா அடுத்த ஆண்டு வருகிறது என்று சொல்லத் தொடங்கினார். "உங்கள் கணவர் பெயர் என்னம்மா?" என்று கேட்டார் அதிகாரி அம்மாள். மறுபடியும் மரியாதையாகத்தான். பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, மண்டபமே அருள்நாதனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து வெளியே போனான்.

பின்னால் கூச்சல் கிளம்பியது. "அல்லார் பாஸுலயும் மண்ண வாரிப் போட்டுச்சி" என்று ஒருவன் கத்தினான். "அது சொன்னதுல இன்னாடா பொய்யி?" என்று இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான். லோகநாதன் மைக்கில் அமைதி, அமைதி என்றான். ஷைனி செருப்பைத் தேடாமலே வெளியே ஓடினாள்.

அருள்நாதன் மண்டபத்தின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். அடிப்பான் என்றோ திட்டுவான் என்றோ அவள் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"எப்போ?" என்றான்.

"தவக்காலம் தொடங்குனப்போ. இஸ்கூலு லீவான்னு கேட்டியே, அன்னிக்கி."

அவன் அதை நினைவில் தேடினான். அவன் தேடுவதை அவளால் பார்க்க முடிந்தது. அந்த மதியத்தில் அவனுக்கு ஒரு சாலை இருந்தது, வெயில் இருந்தது, அவள் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. அவனுக்குத் தெரியாது. இத்தனை நாள் அவள் பயந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. தெரியாதவனை யார் எப்படி நிறுத்துவது?

"கூட யாரு இருந்தா?"

"வுடுயா."

"யாருன்னு கேக்கறேன் இல்ல."

"நவ்ரீன். மதி. அந்தப் பால்காரரு பையன் வல்லரசு. ஜூடி."

அவன் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினான். ஜூடி அவன் நண்பனின் மகள். ஞானஸ்நானத்துக்கு இவர்கள்தான் கொலுசு வாங்கிப் போட்டார்கள். அவன் உள்ளங்கைகளால் கண்களை அழுத்திக்கொண்டான். அவன் அழுகிறான் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். அவன் அழவில்லை. கையை எடுத்தபோது கண்கள் சிவந்து, காய்ந்து கிடந்தன.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் கூப்பிட்டது. முனையம். அடுத்த முறை அவனுடையது, உடனே வரவும். அவன் எடுத்துப் பார்த்தான். பழக்கத்தில் எழுந்தும்விட்டான். எதிரே நின்ற வண்டியை நோக்கி நாலடி நடந்தான். போகாதே என்று சொல்ல ஷைனிக்கு வாய் வரவில்லை. இன்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டதுபோல இருந்தது.

அவன் நின்றான். போன் இன்னும் கையில் கூவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, பேன்ட் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"லோகுகிட்ட குடு. இன்னிக்கி என்னால முடியாதுன்னு சொல்லு."

"நாளைக்கி?"

"நாளைக்கி தெரியலமே."

அவன் படியில் போய் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். ஷைனி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். உள்ளே இன்னும் சண்டை ஓயவில்லை. அவள் பெயர் சிலர் வாயில் அடிபடுவது இங்கேயே கேட்டது. லோகநாதன் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் செருப்பில்லாத கால்களை அவள் எடுத்து வைத்தாள்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அருள்நாதன் அவள் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்க்கிறானா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. கையை அசைத்துப் பார்க்கலாமா என்று நினைத்தாள். பதிலுக்கு அவன் அசைக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரியாததால், அசைக்காமலே நடந்தாள்.